உதைக்காரியின் ஷூ

குழந்தைகள் எலும்புப் பிரிவில் மாவுக்கட்டுப் போடுகிறவருக்கு முகம் நினைவில் நிற்காது; பாதம் நிற்கும். தெருவில் யாராவது எதிரில் வந்து, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால், யார் என்று தெரியாமலே, "இருக்கேன், நீங்க?" என்று பொதுவாகச் சொல்லி வைப்பார். அதே ஆளின் இடுப்பில் இருக்கிற குழந்தையின் சாக்ஸைக் கழற்றிவிட்டால் போதும். "அட, நீங்களா! இடது கால், ஆறு கட்டு. கடைசிக் கட்டன்னிக்கு என் சட்டையை நனைச்சவன்தானே இவன்?" என்பார்.

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் கட்டுக்காரர். டாக்டரம்மா முதல் கூட்டிப் பெருக்குகிற அம்மா வரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அடையாள அட்டையில் இருக்கிற பெயரைச் சொன்னால் இரண்டாம் முறைதான் திரும்பிப் பார்ப்பார்.

அவருக்குக் கல்யாணம் பேசியபோது தரகர் பெண் வீட்டில் போய், "மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில மாவு வேலை பார்க்கிறார்" என்று சொல்லிவிட்டார். அவர்கள் ஆஸ்பத்திரிச் சமையலறை என்று நினைத்துக்கொண்டார்கள். சமைக்கத் தெரிந்த மாப்பிள்ளை என்று பெண்ணுக்கு உள்ளூரச் சந்தோஷம். கல்யாணமான மூன்றாம் நாள், "ஒரு நாளாவது உங்க கைப்பக்குவத்தைக் காட்டுங்களேன்" என்று அவள் கேட்க, இவர் அவளை உட்காரவைத்து, கணுக்காலைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். இருபத்தாறு வருடமாக அந்த அம்மாள் இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கட்டுப் போடும் அறை கூடத்தின் கோடியில் இருக்கிறது. ஒரு மேசை, ஒரு குழாய், வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய இரண்டு வாளிகள். தரையில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத வெள்ளைப் பொட்டுகள். மேசைக்கு எதிரே ஒரு ஜன்னல். அதில் பார்த்தால் ஆஸ்பத்திரியின் வெளி வாசலும் அதை ஒட்டி ஓடும் மதில் சுவரும் தெரியும். பெரியவர்களுக்கு இடுப்பளவு இருக்கும் அந்தச் சுவர்.

புதன்கிழமைகளில் கூடத்தில் நிற்க இடம் இருக்காது. முழங்கால் வெளிப்பக்கம் வில்லாக வளைந்த குழந்தைகள், நடக்க ஆரம்பித்த பிறகே இடுப்பு மூட்டு விலகியிருப்பது தெரியவந்த குழந்தைகள் என்று வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கால் வலிக்கிறது என்று தூங்கும் நேரத்தில் அழுதுவிட்டு, ஆஸ்பத்திரி வந்ததும் ஓடிப்பிடித்து விளையாடுகிறவர்களும் உண்டு. "வலின்னு நம்பித்தான் டாக்டர் கூட்டிட்டு வந்தேன், பாருங்க இதை" என்று அவர்களுடைய அம்மாக்கள் மானம் போனது போல நிற்பார்கள். முதுகுத்தண்டு வளைந்ததற்காக உடம்பில் கவசம் மாட்டிய பெரிய பெண்கள் மட்டும் அசையாமல், நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களால் வேறு மாதிரி உட்கார முடியாது.

கட்டுக்காரரிடம் வருகிறவர்கள் இவர்கள் எல்லோரிலும் சிறியவர்கள். பிறக்கும்போதே பாதம் உள்பக்கமாக மடங்கி, உள்ளங்கால் வானத்தைப் பார்த்தபடி இருக்கும் கைக்குழந்தைகள். அந்தப் பாதத்தை ஒரே நாளில் நிமிர்த்த முடியாது. வாராவாரம் கொஞ்சம் திருப்பி, திருப்பின இடத்தில் நிற்கும்படி தொடைவரை கட்டுப் போட்டுவிடுவார்கள். அடுத்த வாரம் அதை ஊறவைத்துப் பிரித்து, இன்னும் கொஞ்சம் திருப்பி, புதுக் கட்டு. நாலைந்து கட்டு ஆனதும் டாக்டரம்மா குதிகாலுக்கு மேலே இருக்கிற நாரைச் சின்னதாக வெட்டிவிடுவார். அன்றைக்குப் போடுகிற கடைசிக் கட்டு மட்டும் மூன்று வாரம் இருக்கும்.

திருப்புவது என்றால் முறுக்குவது அல்ல. கணுக்காலுக்கு முன்னால் வெளிப்பக்கம் ஓர் எலும்பு பட்டாணி போலத் தட்டுப்படும். அதில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, மற்ற விரல்களால் பாதத்தை வழிகாட்ட வேண்டும். குதிகாலைத் தொடவே கூடாது. கட்டு இறுகும் வரை, நாலு நிமிடமோ ஐந்து நிமிடமோ, கட்டைவிரல் அசையக் கூடாது. அந்த நேரத்தில் மூக்கில் ஈ உட்கார்ந்தாலும், அறைக்கு வெளியே யாராவது கூப்பிட்டாலும், கட்டுக்காரர் கட்டுண்டவர்தான்.

இந்த வேலையில் ஒரு குறை இருந்தது. கால் சரியானவர்கள் இந்த அறைப் பக்கம் திரும்பி வருவதில்லை. சரியானால் எதற்காக வருவார்கள்? மறுபடி மடங்கின கால்கள்தான் திரும்பி வந்தன. ஆயிரத்துக்கு மேல் பாதங்களைத் திருப்பியிருப்பார். அவற்றில் ஒன்றுகூட மண்ணில் ஓடி அவர் பார்த்ததில்லை. அதனால் பஸ் நிறுத்தத்தில் பஸ்ஸைப் பார்க்காமல் குழந்தைகளின் கால்களையே பார்த்துக்கொண்டு நிற்பார். எத்தனையோ பஸ்களை இப்படிக் கோட்டை விட்டிருக்கிறார்.

"ஊர்ல எல்லாரும் ஆளைத் தலையிலேர்ந்து பார்ப்பாங்க. நீங்க என்ன கீழேர்ந்து பார்க்கிறீங்க? செருப்புத் திருடன்னு நெனச்சு யாராவது சாத்தப் போறாங்க" என்பாள் மனைவி.

மனைவிக்கும் தெரியும், அவர் பொதுவாகத் தேடவில்லை, ஒரே ஒரு காலைத் தேடுகிறார் என்று.

ஆறு வருடத்துக்கு முன்னால் வந்த பெண் குழந்தை அது. இடது பாதம். கட்டுப் பிரித்ததும் காலுக்கு விடுதலை கிடைத்த வேகத்தில் உதைக்கும். ஒரு தடவை வாளியை உதைத்துக் கவிழ்த்துவிட்டது. "உதைக்காரி வந்தாச்சா? எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று ஒவ்வொரு புதன்கிழமையும் அறிவிப்பார். அதன் அம்மா சின்னப் பெண். சிரித்துக்கொண்டே அழுவாள், அழுதுகொண்டே சிரிப்பாள்.

ஐந்து கட்டு, நார் வெட்டினது, மூன்று வாரக் கட்டு எல்லாம் முடிந்து, பாதம் அழகாகத் திரும்பிவிட்டது. இனி அது பழைய பக்கம் போகாமல் இருக்க, இரண்டு குட்டி ஷூக்களை ஒரு கம்பியில் பொருத்தி மாட்டிவிடுவார்கள். முதல் மூன்று மாதம் குளிக்கிற நேரம் தவிர எப்போதும் போட வேண்டும். அதற்குப் பிறகு நாலு வயது வரை தூங்கும்போது மட்டும்.

கம்பி ஷூவைப் பார்த்ததும் அந்தப் பெண் உடைந்துவிட்டாள்.

"இதைப் போட்டுக்கிட்டு எப்படிண்ணா தூங்குவா? நான் எப்படி இடுப்புல வைப்பேன்? பார்க்கிறவங்க என்ன கேட்பாங்க?"

வெளியே பதினான்கு குழந்தைகள் காத்திருந்தன. மேசையில் அடுத்த குழந்தையைக் கிடத்தியாகிவிட்டது. கட்டுக்காரர் துணியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே, "அழாதீங்கம்மா. ராத்திரி மட்டும் போட்டாப் போதும்" என்றார்.

மூன்று மாதம் கழித்து என்று மனசில் இருந்தது. வாயில் வரவில்லை.

அவளுடைய முகம் மலர்ந்தது. "நெஜமாவாண்ணா?" என்றாள். அவர் அடுத்த காலைப் பிடித்துக்கொண்டே தலையாட்டினார். அவள் போன பிறகு, கட்டைவிரல் அந்தக் காலில் இருக்கும்போதுதான், தான் சொன்னது என்ன என்பது உறைத்தது. கையை எடுக்க முடியாது. கட்டு இறுக நாலு நிமிடம். சிஸ்டர் மருந்து அறையில் இருந்தார், கூப்பிட்டது கேட்கவில்லை. இறுகினதும், வெள்ளைக் கையோடு கூடத்தைத் தாண்டி வாசல் வரை ஓடினார். யாரும் இல்லை.

ஒரு வாரத்தில் ஷூ சரியாக இருக்கிறதா என்று காட்ட வர வேண்டும். வரவில்லை. பதிவேட்டில் இருந்த போன் எண்ணைக் கூப்பிட்டால் உபயோகத்தில் இல்லை என்றது. டாக்டரம்மாவிடம் சொல்ல நினைத்தார். நாளைக்கு, நாளைக்கு என்று அது சொல்லாமலே போயிற்று. மனைவியிடம் மட்டும் சொன்னார். மறுநாளே ஒரு வெள்ளைத் தாளில் 'முதல் மூன்று மாதம்: நாள் முழுவதும்' என்று கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். யாருக்கு வேண்டுமோ அவர்களைத் தவிர எல்லோரும் அதைப் படித்தார்கள்.

ஆறு வருடம் கழித்து ஒரு புதன்கிழமை. மேசையில் ஓர் ஆண் குழந்தை, ஐந்து வாரம், இரண்டு பாதமும் மடங்கியிருந்தன. அம்மா தலைமாட்டில் நின்று பால் புட்டியைப் பிடித்திருந்தாள். கட்டுக்காரர் வழக்கம்போல முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்களைத் தெரியலையாண்ணா?"

"ம்... தெரியுதும்மா, தெரியுது" என்றார்.

"பொய் சொல்லாதீங்க. உதைக்காரியோட அம்மா."

கை நின்றுவிட்டது. கட்டு ஈரமாக இருந்தது. கட்டைவிரல் இடம் மாறியதை அவர் கவனிக்கவில்லை. இறுகின பிறகு பார்த்தால் கோணல். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக, போட்ட கட்டை அங்கேயே பிரித்து மறுபடி போட்டார். சிஸ்டர், "என்ன கட்டுக்காரரே, உடம்பு சரியில்லையா?" என்று எட்டிப் பார்த்தார்.

"பாப்பா எப்படி இருக்கா?" இதைக் கேட்க இரண்டு கட்டு ஆகிவிட்டது.

"நல்லா இருக்காண்ணா. ஸ்கூல் போறா."

"கால்?"

"நல்லா இருக்கு" என்றவள், குழந்தையின் வாயைத் துடைத்தாள்.

நல்லா இருக்கு என்றால் என்ன? அம்மாக்கள் எல்லாவற்றுக்கும் நல்லா இருக்கு என்பார்கள். பாதத்தின் ஓரத்தில் நடக்கிற குழந்தையைக் கூட்டிவந்து, "நல்லாத்தான் நடக்கிறான், செருப்புதான் சரியில்லை" என்ற அம்மாக்களை அவர் பார்த்திருக்கிறார்.

"அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்களேன். பார்த்து ரொம்ப நாளாச்சு."

"ஸ்கூல் இருக்குமேண்ணா."

அடுத்த வாரம் ஸ்கூல். அதற்கடுத்த வாரம் காய்ச்சல். நாலாவது வாரம் ஸ்கூல் விடுமுறை என்பதைக் கட்டுக்காரர் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் விசாரித்துத் தெரிந்து வைத்திருந்தார். அன்றைக்கும் அவள் கைக்குழந்தையோடு மட்டும்தான் வந்தாள்.

"கூப்பிட்டேண்ணா. வரமாட்டேங்கிறா. நாலு வயசு வரைக்கும் கம்பியோட தூங்கினவ இல்லையா? ஆஸ்பத்திரின்னாலே, எனக்கும் கட்டுப் போட்டுடுவாங்கன்னு கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிறா."

அன்றைக்கு வீட்டில் சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறைக்கிறா அந்தப் பொண்ணு" என்றார் மனைவியிடம்.

"எதுக்கு மறைக்கணும்? நீங்கதானே மறைக்கிறீங்க. அன்னைக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன், நீ என்னம்மா பண்ணினேன்னு நேரா ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"எப்படிக் கேட்கிறது?"

"வாயாலதான். ஆயிரம் பிள்ளைங்க காலை நேராக்கினவருக்கு ஒரு கேள்வியை நேராக் கேட்க வரலை. சாப்பிடுங்க, ஆறுது."

நார் வெட்டி மூன்று வாரக் கட்டுப் போட்ட அன்றும் அவர் கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

"அவ வர வேண்டாம்மா. கட்டுப் பிரிக்க வரும்போது அவ போட்டுப் பழசான ஷூ ஒண்ணு இருந்தா எடுத்துட்டு வாங்க."

அவள் சிரித்துவிட்டாள். "ஆளைக் கேட்டீங்க, இப்போ ஆள் இல்லாட்டி ஷூவாவது போதும்னு இறங்கிட்டீங்களா? என்னண்ணா பண்ணப் போறீங்க அதை வெச்சு?"

"சும்மாதான்" என்றார்.

சும்மா இல்லை. பாதம் மறுபடி மடங்கினால் ஷூவின் வெளி ஓரம் மட்டும் கத்தியால் சீவினது போலத் தேயும். குதிகால் பக்கம் புதுசு போலவே இருக்கும், ஏனென்றால் குதிகால் தரையில் படாது. ஷூ பொய் சொல்லாது. அம்மாக்களைப் போல அதற்குப் பாசம் கிடையாது.

மூன்று வாரம் என்பது எவ்வளவு நீளம் என்று குழந்தைகளின் அப்பா அம்மா புலம்பும்போது, "கண்ணை மூடித் திறந்தா போயிடும்" என்று சொல்லுகிறவர் அவர். அந்த மூன்று வாரத்தில் எத்தனையோ தடவை கண்ணை மூடித் திறந்தார். அது போகவில்லை.

அந்தப் புதன்கிழமை அவள் ஒரு துணிப்பையை மேசையில் வைத்தாள். கட்டுக்காரர் முதலில் குழந்தையின் கட்டை ஊறவைத்துப் பிரித்தார். இரண்டு பாதமும் வெளிப்பக்கம் பார்த்து, குதிகால் இறங்கி, சரியாக வந்திருந்தன. சுத்தமாகத் துடைத்து, கம்பி ஷூவை மாட்டிவிட்டார். பிறகு கையைக் கழுவினார். நகத்தடி வரை கழுவினார். அதற்குப் பிறகுதான் பையைத் திறந்தார்.

கருப்பு ஸ்கூல் ஷூ, ஒரு ஜோடி. இடது ஷூவின் நுனியில் பஞ்சு அடைத்திருந்தது. இந்த மாதிரிப் பாதம் எவ்வளவு நேரானாலும் மற்றதைவிட ஒரு விரல் அகலம் சின்னதாகத்தான் வளரும். அப்படியென்றால் இது அவளுடையதுதான்.

திருப்பினார்.

குதிகால் தேய்ந்திருந்தது. ஓரமாக அல்ல, அகலமாக. அடி ரப்பரில் இருந்த கோடுகள் எல்லாம் அங்கே மழுங்கிப்போயிருந்தன. வெளி ஓரமும் உள் ஓரமும் சமமாக இருந்தன. விரல் பக்கம் நுனி வாய் பிளந்து, பஞ்சு எட்டிப் பார்த்தது. வலது ஷூவின் நுனி நன்றாகவே இருந்தது.

"இது என்ன, இடதுல மட்டும் நுனி பிஞ்சிருக்கு?"

"எதைப் பார்த்தாலும் உதைக்கிறாண்ணா. கல்லு, டப்பா, பந்து. அந்தக் கால்லதான். ஸ்கூல்ல பசங்களே இவகிட்ட பந்தைக் கொடுக்கப் பயப்படுறாங்க. வாங்கின மூணாம் மாசம் இப்படி."

கட்டுக்காரர் கட்டைவிரலைத் தேய்ந்த குதிகாலில் வைத்து அழுத்தினார். வேலையில் அவர் தொடக் கூடாத இடம் அது.

"அம்மா, அன்னைக்கு நான் ராத்திரி மட்டும் போட்டாப் போதும்னு சொன்னேன்" என்றார். "தப்பு. மூணு மாசம் கழிச்சுன்னு சொல்லியிருக்கணும். ஓடி வந்தேன். நீங்க போயிட்டீங்க."

அவள் குழந்தையின் சட்டையைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். பிறகு, "தெரியும்ணா" என்றாள்.

"தெரியுமா?"

"பத்து நாள் நீங்க சொன்ன மாதிரியே ராத்திரி மட்டும் போட்டேன். பதினோராம் நாள் பார்த்தா பாதம் உள்ள திரும்ப ஆரம்பிச்சிருக்கு. எங்களுக்கு வீடு மாத்துற நேரம். புது வீட்டுப் பக்கத்துல இருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். மறுபடி மூணு கட்டு. 'யாரும்மா உனக்கு இப்படிச் சொன்னது'ன்னு அந்த டாக்டர் கத்தினார். நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்னு சொல்லிட்டேன்."

மூன்று கட்டு. கட்டுக்காரர் அதை மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். ஐந்து மாதக் குழந்தை, அப்போது இன்னும் பலமாக உதைத்திருக்கும்.

"கோவம் இல்லையா?"

"இருந்துச்சு. ரொம்ப இருந்துச்சு. உங்களைத் திட்டாத நாள் இல்லை." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்புறம் இவன் பொறந்தான். ரெண்டு காலும். வேற எங்க போறதுன்னு யோசிச்சேன். கட்டுப் போடும்போது அவ உங்க கையில அழுததே இல்லைண்ணா. அங்க மூணு கட்டுக்கும் அழுதா. அதான் வந்தேன். ஆனா இந்தத் தடவை நீங்க வாயால சொல்றது வேண்டாம். எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தார். மருந்துச் சீட்டின் பின்பக்கம், பள்ளிக்கூடப் பையன் போலப் பெரிய எழுத்தில்: முதல் மூன்று மாதம், நாள் முழுவதும், குளிக்க ஒரு மணி நேரம் மட்டும் கழற்றலாம், பிறகு நாலு வயது வரை, தூங்கும்போதெல்லாம். நாள் முழுவதும் என்பதன் கீழே இரண்டு கோடு போட்டார். எவ்வளவு கழுவியும் போகாத மாவு கட்டைவிரலின் ரேகையாகத் தாளின் ஓரத்தில் விழுந்தது. அவள் வாங்கி ஒரு தடவை சத்தமாகப் படித்துவிட்டு, மடித்துப் பையில் வைத்தாள்.

ஷூவை அவர் இன்னும் கையில் வைத்திருந்தார்.

"கொடுங்கண்ணா."

"பிஞ்சதுதானே. இங்கேயே..."

"ஐயோ, தச்சா இவனுக்கு ஆகும்ல?" என்று வாங்கிக்கொண்டாள். "அவளுக்கு அது எப்பவோ பத்தாமப் போச்சு. இப்போ போட்டிருக்கிறது ரெண்டு அளவு பெரிசு. வெளியில அவ அப்பாவோட நிக்கிறா. உள்ள வாடின்னா, கேட்டைத் தாண்டி ஒரு அடி வைக்க மாட்டேங்கிறா."

"வெளியில நிக்கிறாளா? இப்பவா?"

"ஆமாண்ணா. வாங்களேன், பார்த்துட்டு வந்துடலாம்."

அதற்குள் சிஸ்டர் அடுத்த குழந்தையை மேசையில் கிடத்தி, துணியை நனைத்துச் சுற்றியும்விட்டார். "கட்டுக்காரரே, பிடிங்க பிடிங்க, இறுகுது!" கை தானாகப் போய்ப் பிடித்துக்கொண்டது. கட்டைவிரல் அந்தப் பட்டாணி எலும்பைத் தேடிப்போய் உட்கார்ந்தது. யாரோ ஒரு புதுப் பாதம், பத்து நாள் வயசு.

"நீங்க போங்கம்மா, அவ காத்திருப்பா" என்றார்.

அவள் கம்பியோடு குழந்தையைத் தூக்கி, இடுப்பில் எப்படி வைப்பது என்று இரண்டு விதம் பார்த்து, தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

கட்டுக்காரர் கையை அசைக்காமல் கழுத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பினார். மதில் சுவருக்கு மேலே ஓர் ஆண் இடுப்புவரை தெரிந்தார். அதற்குப் பக்கத்தில், சுவரின் விளிம்புக்குச் சற்று மேலே, ஒரு சின்னத் தலை, இரட்டைப் பின்னல். கால் தெரியவில்லை. சுவர் எல்லாவற்றையும் மறைத்திருந்தது. தலை சுவரின் ஒரு தூணிலிருந்து இன்னொரு தூணுக்குப் போயிற்று, திரும்பி வந்தது. நொண்டுகிற குழந்தையின் தலை ஒரு பக்கம் அமுங்கி அமுங்கி வரும். இது அமுங்கவில்லை, சுவர் விளிம்பிலேயே கோடு போட்டது போலப் போயிற்று. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் சட்டென்று பின்னால் சாய்ந்தது. பின்னலும் சாய்ந்தது. எதையோ உதைத்திருக்க வேண்டும். தெருவில் எங்கோ ஒரு டப்பா உருண்ட சத்தம் கேட்டது.

"இறுகிடுச்சா?" என்றார் சிஸ்டர்.

"இன்னும் ரெண்டு நிமிஷம்" என்றார் கட்டுக்காரர், ஜன்னலைப் பார்த்தபடி.

தலை இன்னொரு தடவை தூணிலிருந்து தூணுக்குப் போயிற்று. பிறகு அம்மாவின் தலை அங்கே போய்ச் சேர்ந்தது. மூன்று தலைகளும் தோளில் கிடந்த குழந்தையும் சுவரை ஒட்டி நகர்ந்து, சுவர் முடிகிற இடத்தை நோக்கிப் போயின. அங்கே கால் தெரிந்திருக்கும். ஆனால் ஜன்னல் அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

மேசையில் இருந்த குழந்தை பால் குடிப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தது. அவர் குனிந்து, வழக்கத்துக்கு மாறாக, அதன் முகத்தைப் பார்த்தார்.